காப்பு நாளும் உலகம்மாளின் மூக்கும்

கடலாடிக்குத் தெற்கே உள்ள அந்த ஊரில் உலகம்மாளின் மூக்குக்கு ஒரு பதவியே உண்டு. பங்குனியில் அம்மனுக்குக் காப்புக் கட்டினால் எட்டு நாளைக்கு எந்த வீட்டிலும் தாளிக்கக் கூடாது, எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. மீறினால் ஊருக்கு அம்மை வரும். அந்த எட்டு நாளும் உலகம்மாள் தெருத்தெருவாக நடப்பாள். எவள் வீட்டில் அப்பளம் பொரித்தாலும் வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். இருபது வருடத்தில் ஏழு வீட்டுக்காரர்களைக் கோயில் வாசலில் விழுந்து கும்பிட வைத்த மூக்கு அது.

வீட்டில் பொரிக்க முடியாத சனம் நாக்கை வைத்துக்கொண்டு சும்மா இருக்குமா? ஊர் எல்லையைத் தாண்டிவிட்டால் குற்றமில்லை. அதனால் எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கப் பொட்டலில் திருவிழாக் கடைகள் முளைக்கும். 1986-ல் ஏர்வாடிப் பக்கத்திலிருந்து பால்சாமி என்று ஒருவன் புதிதாக வந்தான். நுங்கு பஜ்ஜி, முருங்கைப்பூ பக்கோடா, கஞ்சிப்பாசி வடை என்று அவன் போட்டதெல்லாம் ஊர் அதுவரை கேள்விப்படாதது. கஞ்சிப்பாசி கடலுக்குள் பாறையில் விளைவது. வடைக்குக் கூட்டம் மொய்த்தது.

"கடல்ல இருந்து வாரது கவுச்சி இல்லாம என்னய்யா?" என்றாள் உலகம்மாள்.

"இது செடி மாதிரி ஆத்தா. ரத்தமும் இல்ல, முள்ளும் இல்ல."

"கூனிக் கருவாட்டப் பொடிச்சுப் போட்டா எவனுக்குத் தெரியும்?"

அவன் சிரித்தான். சிரித்ததாலேயே அவளுக்குச் சந்தேகம் கூடியது. ஊரே விரதம் கெட்டுப் போகுமே என்று பயந்து, மூன்று சாயங்காலம் அவன் சட்டி பக்கத்திலேயே காவல் நின்றாள்.

மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு முருகம்மாளின் பிள்ளைக்கு அம்மை போட்டது. அன்று பொழுது சாய்ந்து உலகம்மாள் வீட்டுக்குள் காலை வைத்ததும் மூக்கு விடைத்தது. பொரித்த வாசனை. அவள் வீட்டிலேயே! அடுப்படியில் இருந்தது மருமகள் சண்முகவள்ளி. கல்யாணமாகி எட்டு மாதம், கடற்கரைப் பக்கத்துப் பெண்.

மறுநாள் குழாயடியில் இத்தனை பெண்கள் நிற்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல் வள்ளி பொரித்ததால்தான் பிள்ளைக்கு அம்மை என்று உலகம்மாள் கத்தித் தீர்த்தாள். "சூடத்த அடிச்சு சத்தியம் பண்றேன் அத்தே, நான் எண்ணெயைத் தொடல" என்று வள்ளி அழுதாள். யாரும் காதில் வாங்கவில்லை. மகன் மருதுபாண்டி அவளைப் பஸ்ஸில் கூட்டிப்போய்த் தாய் வீட்டில் விட்டுவிட்டு வந்தான்.

அவள் போன பிறகும் வாசனை போகவில்லை. அடுப்பில் ஆறிய சாம்பல்தான் கிடந்தது. உலகம்மாள் கொல்லைக்குப் போனாள், அங்கேயும் அடித்தது. கிணற்றடிக்குப் போனாள், அங்கேயும். காப்பு அவிழ்க்கும் வரை துணிக்குச் சோப்புப் போடக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம், வெறும் தண்ணீரில் அலசித்தான் உடுத்த வேண்டும். தன் முந்தானையை எடுத்து மூக்கில் வைத்தாள். மூன்று நாள் சட்டிப் புகை முழுவதும் அதில் இருந்தது. பாவி, என்ன காரியம் பண்ணிவிட்டேன் என்று அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

காப்பு அவிழ்த்த மறுநாள் சம்பந்தி வீட்டுக்குப் போய் நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள்.

"வாரேன் அத்தே," என்றாள் வள்ளி. "ஆனா அன்னைக்கு எத்தனை பேருக்கு முன்னால என்னையப் பேசுனீக? அத்தனை பேருக்கு முன்னாலயும் இதையும் சொல்லணும்."

இத்தனை வருட மதிப்பும் ஒரே பேச்சில் போய்விடும். ஆனாலும் உலகம்மாள் தலையாட்டினாள்.

மறுநாள் குழாயடியில் அதே பெண்கள் நின்றார்கள். பக்கத்தில் வள்ளி.

"வள்ளி எண்ணெய்ச் சட்டி வைக்கல. வாசனை என் சீலையில இருந்துச்சு. தப்பு என் மேலதான்."

முருகம்மாள் ஆறுதலாகச் சொன்னாள்: "விடுங்க மதினி. மருமக வந்து வாழணும்னா நீங்க இப்படித்தான் பேசி ஆகணும். உங்க மூக்கு தப்பாதுன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"இல்ல முருகம்மா, நெசமாவே..."

மற்றவர்கள் புரிந்துகொண்ட மாதிரி தலையாட்டினார்கள். முருகம்மாள் அம்மை இறங்கிய பிள்ளையை வள்ளிக்குப் பக்கத்திலிருந்து தன் பக்கமாக இழுத்துக்கொண்டாள்.