களஞ்சியத்துக்கு வந்த மில் முதலாளி

அரசாங்க நெல் களஞ்சியத்தில் வேலை என்றால் தும்மலும் சொறிச்சலும் உத்தியோகத்தோடு கூட வரும். அதைத் தாங்கலாம், மேலேயிருந்து அனுப்பப்படும் தலைவர்களைத்தான் தாங்க முடியாது. என்னைப் போல அரசாங்கச் சாவி தூக்கித் திரிந்தவர்களுக்கு இது புதுக் கதை இல்லை.

நல்ல தெரிவு

ஐம்பதுகளின் கடைசியில் கிளிநொச்சிப் பக்கத்துக் களஞ்சியம் ஒன்று என் பொறுப்பில் இருந்தது. நெல் கொள்வனவுக் குழுவுக்குப் புதுத் தலைவராக ஒரு அரிசி மில் முதலாளியைப் போட்டார்கள். கமக்காரரிடம் அரசாங்கம் சொன்ன விலைக்கு நெல் வாங்குவது எங்கள் வேலை. அதே நெல்லை மலிவாக வாங்கிக் குத்தி விற்பது அவருடைய தொழில். இரண்டும் எப்படி ஒத்துவரும் என்று மாவட்ட நிர்வாகக் கச்சேரியிலிருந்து வந்த பெரிய உத்தியோகத்தரிடம் மெதுவாகக் கேட்டேன். அவர் கதிரையில் சாய்ந்துகொண்டு சொன்னார்: “அவரைவிட நெல்லைப் பற்றித் தெரிஞ்சவை ஆர் இருக்கினம்?”

ஈர நெல்

நான் கடித்துப் பார்த்து, காய்ந்ததுதான் என்று எடுத்துவைத்த நெல்லைத் தலைவர் வந்து கையில் அள்ளுவார். ஈரம் என்று திருப்பி அனுப்பச் சொல்லுவார். வெளியே வாசல் படலையடியில் அவருடைய மில் லொறி நிற்கும். மூடைகளைத் திரும்ப ஏற்றிப் போக வழியில்லாத சனம், லொறிக்காரன் கேட்ட விலைக்குப் போட்டுவிட்டுப் போகும்.

தர்மபுரத்துக் கமக்காரர் ஒருவர் தன் மூடைகள் லொறியில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என்னிடம் வந்தார். கோபிக்கக்கூட இல்லை. “தம்பி, உள்ளுக்கை ஈரமாயிருந்த நெல், படலை தாண்டின உடனை எப்பிடிக் காய்ஞ்சது?”

றோட்டில் ஒரு வெயில்

உருத்திரபுரத்துச் செல்லம்மாக்கா புருஷனை இழந்தவா. தனியாக நின்று வயல் செய்தவா. அவாவின் நெல்லும் திரும்பியது. அவா லொறிப் பக்கம் போகவில்லை. கூட வந்த தமையனும் அவாவுமாக மூடைகளை அவிழ்த்து, லொறிக்கு முன்னால் றோட்டை அடைத்துக் கொட்டிப் பரவினார்கள். லொறி அசைய முடியவில்லை. சாரதி கெஞ்சினான், பிறகு ஏசினான். அவா காலால் நெல்லைத் துழாவிக்கொண்டு நின்றா. கடைசியில் தலைவரே வெளியே வந்து நெல்லை அள்ளச் சொன்னார். அவா நிமிர்ந்து பார்த்தா. “ஈரமெண்டு சொன்னது நீங்கள்தானே. காயட்டும்.”

மத்தியானம் திரும்புமுன் அந்த நெல்லை உள்ளே எடுக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. மற்றவர்களின் நெல் வழமைபோல லொறியில்தான் ஏறியது.

மாற்றம்

கமக்காரர் சேர்ந்து முறையிட்டதில் ஒரு விசாரணை நடந்தது. விசாரிக்க வந்தவருக்கு மத்தியானச் சாப்பாடு தலைவர் வீட்டில். கேட்டதற்கெல்லாம் கண்டதைக் கண்டபடி சொன்னேன். தலைவர் தலைவராகவே இருந்தார். எனக்கு முல்லைத்தீவுக்கு மாற்றம் வந்தது, மீன் வாங்கும் களஞ்சியத்துக்கு. பஸ்ஸால் இறங்கி, கரையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த ஒருவரிடம் இங்கே குழுத் தலைவர் யார் என்று விசாரித்தேன். அவர் என் பெட்டியையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “ஐஸ் போட்டு மீன் ஏத்துற முதலாளிதான் ஐயா. மீன் பழுதோ இல்லையோ எண்டு அவர்தான் சொல்லுவார்.”

வேலியே பயிரை மேய்ந்த கதை எல்லாருக்கும் தெரியும். எங்கள் காலத்தில் நன்றாக மேயத் தெரிந்ததாகப் பார்த்துத்தான் வேலியாக நட்டார்கள்.