பாக்கறோமுங்க

அவிநாசி ரோட்டு மேம்பாலத் தூண்களின் நிழலில் ஈரோட்டுப் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். தோளில் ஒரு பை, அதில் இரண்டு சட்டை, ஒரு லுங்கி, போன் சார்ஜர். பீளமேட்டில் நான் வேலை பார்த்த ஆபீஸ் முதுகுக்குப் பின்னால் தூரமாகிக்கொண்டிருந்தது. அங்கே மாடியில், கம்ப்யூட்டர் வைத்த அறையிலேயே பாய் போட்டுப் படுத்துவந்தேன். எனவே வேலையோடு படுக்கையும் போயிற்று. எனக்கு இது பழக்கம். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டபின் சாயப்பட்டறை, லாரி செட், பெங்களூரில் ஒரு சர்வர் அறை என்று சுற்றியவன். கறுப்புத் திரையில் தட்டிக் கம்ப்யூட்டர் ஓட்ட அந்தக் கடைசி இடத்தில்தான் கற்றேன்.

நடந்துகொண்டே அந்தியூர்ப் பக்கத்து விவசாயி ஒருவருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. நாளைக் காலையில் அவர் தோட்டத்துக் கிணற்றில் ஆட்கள் இறங்குகிறார்கள். அதற்கு முன்னால் அவரிடம் பேசியாக வேண்டும்.

நான் விட்டுவந்த கம்பெனி, தோட்டத்து மோட்டாரைப் போனிலேயே ஓட்டவும் நிறுத்தவும் ஒரு கருவி விற்கிறது. நிறையப் புகார் வரும். அவற்றைப் பதிந்து, யார் பொறுப்பு என்று குறித்துவைக்கும் புரோகிராம் ஒன்றை நிறுவத்தான் என்னை எடுத்தார்கள். பக் டிராக்கர் என்பார்கள். மலிவாகக் கிடைத்ததால் அதை எடுத்தார்கள். அதே காரணத்துக்காகத்தான் என்னையும்.

நிறுவும் குறிப்பின் கடைசியில், வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம் என்று இரண்டு வேலைகள் இருந்தன. குறித்த நேரத்தில் தாமாக ஓடுபவை. ஒன்று, ராத்திரி புகார்களை எண்ணி வரைபடம் போடும். மற்றது, ஒரு வாரமாக யாரும் தொடாத புகார்களைப் பொறுக்கி, பொறுப்பானவர்களுக்குக் காலையில் மெயில் அனுப்பும்.

"ரெண்டையும் போட்டுடுங்க தம்பி, சும்மா வர்றதுதானுங்களே" என்றார் மேனேஜர்.

வரைபடம் எல்லோருக்கும் பிடித்தது. வரவேற்பறை டி.வி.யில் கலர் கலராக ஓடவிட்டார்கள். மெயில் போன முதல் காலையே புரோகிராம் எழுதுபவர்களில் மூத்தவர் என் அறைக்கு ஏறி வந்தார். பெரிய காலேஜில் படித்தவர். நான்கு படி ஏறினாலே மூச்சு வாங்குவார்.

"ஏனுங்க, காலங்காத்தால மூஞ்சீல அடிச்சாப்ல அனுப்பறீங்களே? ஒரு வணக்கங்கூட இல்லீங்க."

வணக்கம் சேர்த்தேன். அடுத்த வாரம் 'ங்க' சேர்க்கச் சொன்னார்கள். அதற்கடுத்து 'தங்களுக்கு நேரம் கிடைக்கும்போது' என்று போடச் சொன்னார்கள். கடைசியில் அது கல்யாணப் பத்திரிகை மாதிரி ஆகிவிட்டது, மாப்பிள்ளை பெயர் மட்டும்தான் பாக்கி. புகாரில் 'ஆபத்து' என்று குறிக்க ஒரு கட்டமும் இருந்தது. அதை யாரும் தொட்டதில்லை. புரோகிராம் எழுதினவர் மனசு புண்படுமாம்.

அதுவும் போதவில்லை. புகாருக்குக் கீழே ஒரு வரி எழுதினால், தொட்ட கணக்கில் சேர்ந்து அந்த வாரம் மெயில் வராது என்று எவரோ கண்டுபிடித்தார்கள். அவர்கள் அங்கே கண்டுபிடித்து நான் பார்த்தது அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கிளம்பும் முன் எல்லோரும் வரிசையாக எழுதினார்கள்: பாக்கறோமுங்க. பாக்கறோமுங்க. பாக்கறோமுங்க. பட்டியல் காலியானது. மேனேஜர் எல்லோருக்கும் பப்ஸும் டீயும் வாங்கிக்கொடுத்தார்.

"பாத்தீங்களா, சுத்தமாயிருச்சு!"

நானும் பப்ஸ் தின்றேன். நன்றாகவே இருந்தது.

அந்தியூர்க்காரரின் புகார் இதுதான்: போனில் மோட்டாரை நிறுத்திய பிறகும், கரண்ட் போய்த் திரும்பி வந்தால் அது தானாக ஓட ஆரம்பிக்கிறது. அதன் கீழே மாதக்கணக்கில் பாக்கறோமுங்க. அதற்கு மேல் ஒரு எழுத்து இல்லை.

வேலை போன அன்று மத்தியானம் போன் எடுக்கும் பெண் சாப்பிடப் போயிருந்ததால், அவர் கூப்பிட்டபோது நான் எடுத்தேன்.

"ஏனுங்க, அந்த மோட்டார் சங்கதி சரியாயிருச்சுங்களா? நாளைக்குக் கெணத்துல தூர் எடுக்கறோம். ஊத்துத் தண்ணி நிக்காதுங்க. ஓட்டி, நிறுத்தி, ஆள் எறங்கி, மறுக்கா ஏறி ஓட்டோணும். ஸ்டார்ட்டர் பொட்டி ஊட்டுப்பக்கம் இருக்குது. கெணத்து மேட்டுல நின்னு போன்லயே நிறுத்திக்கலாமுங்களா?"

"பியூஸைப் புடுங்கிட்டு எறங்குங்க."

"ஒவ்வொருவாட்டியும் அதுக்கு ஒரு ஆள் அங்கியே நிக்கோணுமுங்களே. இருக்கறவங்க அத்தனை பேரும் கெணத்துக்குள்ள. உங்காபீசுல பாத்துட்டோம்னு சொன்னாங்களே?"

"கேட்டுச் சொல்றேனுங்க."

மூத்தவரிடம் போய்க் கேட்டேன். "பாத்துட்டுத்தானுங்க இருக்கறோம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். திரையில் கிரிக்கெட் ஓடியது.

மாடிக்கு வந்து மெயில் வேலையை மாற்றினேன். கடைசியாகத் தொட்ட நாளை விட்டுவிட்டு, புகார் வந்த நாளிலிருந்து கணக்கெடுக்கச் சொன்னேன். வணக்கத்தையும் 'ங்க'வையும் எடுத்தேன். மெயில் போகும் பட்டியலில் முதலாளி பெயரையும் சேர்த்தேன். காலை வரை காத்திருக்காமல் கையாலேயே ஒரு தடவை ஓட்டினேன். டீ ஆறுவதற்குள் மேனேஜர் வந்தார், சிரித்த முகத்தோடு.

"என்னங்க தம்பி இது?"

"பார்க்காத புகாருங்க."

"பாக்கறோம்னுதான் எழுதியிருக்காங்களே."

"எழுதத்தானுங்க எழுதியிருக்காங்க. நாளைக்கு அங்க ஆள் கெணத்துல எறங்கறாங்க. தண்ணிக்குள்ள நிக்கறப்ப மோட்டார் தானா ஓடுனா ஷாக்கடிக்குமுங்க."

"வெவசாயிக்குத் தெரியாதுங்களா, எப்படி எறங்கோணும்னு? இந்த மெயில் ஆப்ஷனல்தானுங்களே தம்பி? அதுக்குப் போயி மொதலாளி வரைக்கும் மனசு சங்கடம். பழையபடி வெச்சுப்போட்டு, நீங்களும் ஊருக்குப் போயிக் கொஞ்சம் ரெஸ்ட் எடுங்க. காப்பி குடிச்சிட்டே போலாமுங்க."

வெளியே போடா என்பதை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். சாயப்பட்டறையில் ஒருவன் என்னைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அவன் எவ்வளவோ மேல். என்ன நினைக்கிறான் என்று அவன் கையிலேயே தெரிந்தது. காப்பியைக் குடித்தேன், எதையும் பழையபடி வைக்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

பஸ் பெருந்துறை தாண்டும்போது அந்தியூர்க்காரர் திருப்பிக் கூப்பிட்டார்.

"சரி பண்ணிப்போட்டீங்களா?"

"இல்லீங்க. பண்ண மாட்டாங்க. போனை நம்பி எறங்காதீங்க. பொட்டிகிட்ட ஒரு ஆளை நிறுத்துங்க."

"ஆளுக்கு எங்கீங்க போவேன்?"

"நான் வாரேனுங்க. எனக்கு இப்ப வேலை இல்லை."



"வாங்க. சோறு போட்டு, மண் தூக்கறவங்களுக்குக் குடுக்கற கூலியே குடுத்துடறேன். மேஸ்திரி வாய் மட்டும் கொஞ்சம் மோசமுங்க."

மறுநாள் காலை ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் நின்றேன். வேலை லேசு. மோட்டாரை ஓட்டு என்றால் மூன்று பியூஸ் கட்டைகளையும் மாட்ட வேண்டும். நிறுத்து என்றால் பிடுங்கிக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் இறைத்து முடிந்ததும் மேஸ்திரி கிணற்று மேட்டிலிருந்து கத்தினார்.

"டேய் கம்ப்யூட்டரு! புடுங்குனயாடா?"

"புடுங்கிட்டேன்!"

"வாயில சொன்னா ஆச்சா? கையத் தூக்கிக் காட்டுறா!"

தூக்கிக் காட்டினேன். மூன்றையும் எண்ணிப் பார்த்த பிறகுதான் ஆட்களை இறங்க விட்டார்.

ஒன்பது மணிக்கு என் போனில் ஆபீஸ் மெயில் வந்தது. பட்டியலிலிருந்து என் பெயரை எடுக்க மறந்திருந்தார்கள். 'வணக்கமுங்க. கவனிக்கப்படாத புகார் எதுவும் இல்லீங்க.' நான் மாற்றியதை ஒரே ராத்திரியில் சரிசெய்துவிட்டார்கள்.

சற்று நேரத்தில் வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி நின்றது. கரண்ட் போயிருந்தது. அது திரும்பி வந்ததும் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த அந்தக் கம்பெனிக் கருவியில் பச்சை விளக்கு எரிந்தது. அதற்கு மட்டும் பியூஸுக்கு முன்னாலேயே தனி ஒயர். உள்ளே டக்கென்று ஒரு சத்தம். மேட்டில் நின்ற விவசாயி தன் போனைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"மோட்டார் ஓடுதுன்னு மெசேஜ் வருதுங்க!"

அவர் சொல்லி முடிக்குமுன் மேஸ்திரி கத்தினார். "கம்ப்யூட்டரு! கைய!"

மூன்று கட்டைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். கிணற்றுக்குள் மண்வெட்டிச் சத்தம் நிற்கவில்லை.