எண்ணூர் கோரைக்காட்டில் மரியதாஸின் குருவி

என் நண்பர் மரியதாஸும் நானும் துறைமுகத்தில் ஒன்றாக மூட்டை தூக்கியவர்கள். ஓய்வுக்குப் பிறகு ஒரே வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றோம். பறவை பார்க்கவும் சேர்ந்தே போவோம். ஆனால் ஆகஸ்டில் என்னிடம் சொல்லாமல் எண்ணூருக்குப் போய்விட்டு, ‘வரித் தூக்கணாங்குருவியைப் பார்த்தேன்’ என்று தன் வலைப்பூவில் எழுதிவிட்டார். மார்பில் கோடு போட்ட அபூர்வக் குருவி என்பதால் ஊரே பாராட்டியது. எனக்கு அன்று சோறு இறங்கவில்லை. அவர் பார்த்தது சாதாரணத் தூக்கணாங்குருவிதான் என்று நிரூபிக்கவே அடுத்த ஞாயிறு கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்கு ராயபுரத்தில் மின்சார ரயில். டிக்கெட் ஐந்து ரூபாய். எண்ணூர் நிலையத்திலிருந்து கோரைக்காடு மூன்று கிலோமீட்டர். ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

“குருவி பாக்கவா இவ்ளோ தூரம் வந்த, நைனா?” என்றார் ஓட்டுநர். “எங்க வூட்டாண்ட வா, காக்கா ஃப்ரீயா கீது.”

அனல்மின் நிலையத்தின் சாம்பல் குழாய் ஓரத்துப் பனைமரத்தில் கூடுகள் தொங்கின. ஒவ்வொன்றுக்கும் கீழே நீண்ட குழல் வாசல். பைனாகுலரில் பார்த்தேன். ஆணுக்கு மஞ்சள் தலை, மஞ்சள் மார்பு. பெண்ணின் மார்பு வெறும் மங்கல் நிறம், ஒரு கோடு கூட இல்லை. சாதாரணத் தூக்கணாங்குருவியேதான்! வாய்விட்டுச் சிரித்தேன்.

“இன்னா நைனா, லாட்டரி வுழுந்துச்சா?” என்றார் கூடவே வந்த ஓட்டுநர்.

“என் தோஸ்து தப்பா எழுதிட்டான்பா.”

“அதுக்கா இத்தினி சந்தோசம்? தோ, கோரைக்குள்ள இன்னொன்னு கத்திகினு கீது. அதையும் பாத்துட்டு சிரி.”

பார்த்தேன். தண்ணீருக்கு மேலே கோரைத் தண்டுகளைச் சேர்த்து இழுத்துக் கட்டிய கூடு, குழல் இல்லை. வாசலில் மஞ்சள் தலையோடு ஓர் ஆண். வெளிறிய மார்பு முழுக்கக் கறுப்புக் கோடுகள், பேனாவால் இழுத்தது போல. எவ்வளவு அழகு! மரியதாஸ் எழுதியது சரியாகிவிட்டதே!

அந்த நேரம் பார்த்து மரியதாஸ் போன் செய்தார்.

“எங்க மாமு கீற?”

“எண்ணூர்ல.”

“குருவிய பாத்தியா? மாருல கோடு இருந்துச்சா?”

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் குருவி என் எதிரிலேயே உட்கார்ந்திருந்தது.

“கீதுடா. நல்லா பட்டை பட்டையா கீது.”

“அப்பாடா! நான் கண்ணாடிய வூட்ல வுட்டுட்டுப் போய்ட்டேன் மாமு. கோடா நெழலான்னு தெரியாமயே எழுதிட்டேன். ஒரு வாரமா ஒரே பேஜாரு.”

நான் வீடு வந்து சேர்வதற்குள், ‘நண்பர் நேரில் போய் உறுதி செய்தார்’ என்று அவர் எழுதிவிட்டார். பாராட்டு இரண்டு மடங்கு. எல்லாம் அவருக்குத்தான்.

போக நினைப்பவர்களுக்கு: ஆகஸ்ட் மாதக் காலை நல்லது. சேறு அதிகம், பழைய செருப்பு போதும். முதலில் மார்பைப் பாருங்கள், பிறகு கூட்டை. பார்த்ததை எழுதி முடிக்கும் வரை போனை மட்டும் எடுக்காதீர்கள்.