அப்பாவுக்கு நுழைவுச் சீட்டு இல்லை

ஆடி அமாவாசை விரதத்துக்குத் தீர்த்தமாட வேண்டும். பிரெஞ்சு பேசும் இந்தக் குளிர் ஊர் பியர்பொன்ட்ஸில் தீர்த்தத்துக்கு எங்கே போவது? இத்தனை வருடமும் குளியலறை ஷவரே எனக்குக் கீரிமலைத் தீர்த்தம்.

இந்த முறை அமாவாசை விடுமுறை நாளில் வந்தது. மனைவி சொன்னாள், “ஏரிக்கரைப் பார்க் ஒண்டுக்குப் போவம். நீங்கள் தீர்த்தமாடுங்கோ, பிள்ளை நீந்தட்டும்.”

ஒரே பெற்றோலில் இரண்டு காரியம்.

ஐஸ்கிரீம் கடையும் மாதா கோயிலுமாக ஒரு குட்டி ஊர். அதைத் தாண்டினால் பைன் மரம், மணல், ஏரி... அப்படியொரு அமைதி. முங்கி எழுந்து, ஈர வேட்டியோடு திருநீறு பூசி, அப்பாவை நினைத்தேன். கண் கலங்கியது. கரையில் எல்லாரும் என்னையே பார்த்தார்கள். அங்கே ஆகக் கூடுதலாக உடுத்திருந்தவன் நான்தான்.

பிறகு வாழையிலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, உழுந்து வடை. முதலில் காகம் தொட வேண்டும். அதன்பிறகுதான் நான் வாயில் வைக்கலாம். விடிந்ததிலிருந்து பச்சைத் தண்ணீரும் இல்லை.

“கா... கா...”

வந்தவை அத்தனையும் வெள்ளைக் கடற்பறவைகள்.

“இதுகள் சாப்பிட்டாப் போதாதோ?” என்றாள் மனைவி. “உங்கடை அப்பா குளிருக்குக் கொஞ்சம் வெளுத்திருப்பார்.”

பசியில் எனக்கும் அது சரிபோலத்தான் பட்டது. ஆனால் மனம் கேட்கவில்லை. பறவைகளைத் துண்டால் விரட்டிக்கொண்டு, இலையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மறுபடி கூப்பிட்டேன்.

காகத்துக்குப் பதிலாகப் பார்க் காவல்காரப் பெண் வந்தாள். “பறவைகளுக்குச் சாப்பாடு போடக் கூடாது. அபராதம்.”

“இது பறவைக்கு இல்லையெண்டு சொல்லு பிள்ளை. அப்பப்பாவுக்கு.”

“எனக்கு வெக்கமாக் கிடக்கு, அப்பா,” என்ற மகள், நல்ல பிரெஞ்சில் மொழிபெயர்த்தாள். அந்தப் பெண் கரையெல்லாம் தேடிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள்.

“அப்பப்பாவிட்டை நுழைவுச் சீட்டு இருக்கோ எண்டு கேக்கிறா.”

விசாவே கிடைக்காமல் யாழ்ப்பாணத்தில் கண்ணை மூடிய மனிதர்.

“அவர் செத்துப்போனார் எண்டு சொல்லு.”

மகள் சொன்னாள். அந்தப் பெண் தொப்பியைக் கழற்றினாள். குரலும் இறங்கிவிட்டது. ஆனாலும் சட்டம் சட்டம்தானாம். சாப்பாட்டை மூடி வைக்க வேண்டுமாம்.

மூடிவிட்டால் என் அப்பா பட்டினி. நானும் பட்டினி. சரி, முருகா, உன் விருப்பம் என்று இலையைக் கீழே இறக்கினேன்...

பைன் மரத்திலிருந்து கறுப்பாக ஒன்று பாய்ந்தது. வடையைக் கவ்வியது. போய்விட்டது.

காகமேதான்.

நான் கும்பிட்டபடி அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் மரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஏதோ சொன்னாள். மகள் சிரித்துக்கொண்டே சொன்னாள், “இது தீனி போட்டதில்லையாம், களவாம். களவுக்கு அபராதம் இல்லையாம்.”

மணலிலேயே காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருந்து சாப்பிட்டேன். அப்படியொரு ருசி.

அப்பாதான், சந்தேகமேயில்லை — உயிரோடு இருந்தபோதும் பரிமாறும்வரை அவர் பொறுத்ததில்லை.