மரகதவல்லிக்கு முன்தேதியிட்ட உயிர்

நனைந்த காகிதம் வெயிலில் காயும்போது ஒரு வாசனை வரும், புளித்த மாவும் பழைய பள்ளிக்கூட அலமாரியும் சேர்ந்தாற்போல. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் காகித ஆலைக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் வளர்ந்த எங்களுக்கு அதுதான் ஊர் வாசனை. விருந்தாளிகள் ஆட்டோவை விட்டு இறங்கியதும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். பாவம், ஊருக்கு வரும்போதெல்லாம் இவர்களுக்குச் சளி பிடித்துக்கொள்கிறதே என்று சின்ன வயதில் நான் பரிதாபப்பட்டிருக்கிறேன்.

அந்த ஆலைக்குக் கடல் தாண்டிய தேசங்களிலிருந்து கழிவுக் காகிதம் கப்பலில் வரும். இரும்புப் பட்டை போட்டு இறுக்கிய அந்தக் கட்டுகளுக்குப் "பேல்" என்று பெயர். அவற்றைப் பிரித்துத் தரம் பார்க்கிற வேலை முருகனுடைய அப்பாவுக்கு. கூழாகப் போகிற குவியலில் படம் போட்ட புத்தகம் ஏதாவது கண்ணில் பட்டால் சூப்பர்வைசரிடம் கேட்டு மகனுக்கு எடுத்து வருவார். அப்படித்தான் அட்டையும் முதல் சில பக்கங்களும் இல்லாத, பாதி நனைந்த ஓர் ஆங்கிலப் புத்தகம் எங்கள் லைனுக்கு வந்து சேர்ந்தது. கேட்டில் அதைப் புரட்டிப் பார்த்த வாட்ச்மேன், "இன்னாய்யா இது, பக்கத்துக்குப் பக்கம் பேயும் பிசாசுமா கீது, இத்த ஊட்ல வெச்சா வெளங்குமா?" என்று கேட்டாராம். அட்டை இல்லாததால் அதன் பெயர் கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. வாட்ச்மேன் புண்ணியத்தில் அது "பேய் புக்கு" ஆயிற்று.

அது கதைப் புத்தகம் இல்லை, ஒரு விளையாட்டின் சட்டப் புத்தகம் என்று கண்டுபிடித்தவள் என் உயிர்த்தோழி ஸ்டெல்லா. நாங்கள் எல்லோரும் ஒரே இங்கிலீஷ் மீடியம் பள்ளிதான் என்றாலும் இங்கிலீஷ் அவளுக்கு மட்டும்தான் ஒட்டியது. ஒருவர் கதையை நடத்த வேண்டும், மற்றவர்கள் ஆளுக்கொரு வீரனாகவோ திருடனாகவோ மந்திரக்காரியாகவோ அந்தக் கதைக்குள் போக வேண்டும், செய்வதையெல்லாம் வாயால்தான் சொல்ல வேண்டும், பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். புத்தகத்தில் இருபது முகம் கொண்ட பகடைக்குப் படம் இருந்தது. அப்படி ஒன்றைப் பொன்னேரி சந்தையில்கூட யாரும் பார்த்ததில்லை. சோடா மூடிகளில் பெயின்ட்டால் எண் எழுதி டப்பாவில் போட்டுக் குலுக்கிக் கண்ணை மூடி எடுத்தோம். இரும்புக் கடைக்காரர் மகன் கபீர், துருவைத் தடவியே பெரிய எண்ணைக் கண்டுபிடித்துவிடுகிறான் என்று தெரிந்ததும் அவனுக்கு மட்டும் மூடியை நான் எடுத்துக் கொடுப்பது என்று தீர்மானம் ஆனது.

புத்தகத்தில் இல்லாத பக்கங்களையெல்லாம் இப்படி நாங்களே இட்டு நிரப்பினோம். கையிலிருக்கிற தீப்பந்தம் எவ்வளவு நேரம் எரியும் என்ற பக்கம் தண்ணீரில் கரைந்து போயிருந்தது. லோக்கல் ரயில் ஹாரன் அடித்தால் பந்தம் அணைந்துவிடும் என்று வைத்துக்கொண்டோம். டிராகன் இறங்க நீளமான இடம் வேண்டுமே, சோழவரத்துப் பழைய ரேஸ் டிராக்கைக் கொடுத்தோம். முருகன் கதை நடத்தினான், ஏனென்றால் புத்தகம் அவன் வீட்டுச் சொத்து. கபீர் திருடன், நான் வாள்வீராங்கனை, ஸ்டெல்லா மரகதவல்லி என்கிற மந்திரக்காரி. விளையாடும் இடம் தண்ணீர்த் தொட்டியின் அடி நிழல். "கோயிலுக்கு வாடின்னா கால் வலிக்குதாம், பேய் புக்குன்னா டேங்குக்கு ஓட்றா" என்று ஸ்டெல்லாவின் அம்மா ஞாயிற்றுக்கிழமைதோறும் பாட்டுப் பாடுவார்.

மரகதவல்லியை ஸ்டெல்லா வளர்த்த மாதிரி யாரும் எதையும் வளர்த்திருக்க மாட்டார்கள். பேய் புக்குச் சட்டப்படி மந்திரக்காரிக்கு நாளுக்கு ஒரே மந்திரம், சொன்னதும் மறந்துவிடும், உடம்பிலோ கோழிக்குஞ்சு உயிர். அவளை வைத்துக்கொண்டு பரீட்சைக் காலத்தையும் தாண்டி முழுப்பரீட்சை லீவு வரை வந்துவிட்டாள். அங்கேதான் வினை. கதைக்குள், மூடிக்கிடந்த தொழிற்சாலைக் கொட்டகை ஒன்றில் ஒற்றைக்கண் பூதத்தைச் சந்தித்தோம். இருட்டாக இருக்கிறதே என்று மரகதவல்லி தன் ஒரே மந்திரத்தை வெளிச்சத்துக்குச் செலவழித்திருந்தாள். பூதம் ஓர் அடி அடித்தது, உயிர் பூஜ்யம். அடுத்த முறை என்னுடையது, நான் வெட்டிய வெட்டில் பூதம் சாய்ந்தது. கொட்டகைக்குள்ளிருந்து எனக்கு நெருப்பு வாளும் கபீருக்குப் பறக்கும் படகும் கிடைத்தன. நாங்கள் குதித்துக் கும்மாளம் போட்டுத் திரும்பிப் பார்த்தால் ஸ்டெல்லாவைக் காணவில்லை.

"பூஜ்யம்னா சாவுன்னு புக்குலயே போட்டுகீது, நான் இன்னா பண்றது?" என்றான் முருகன். அவன் சொன்னதும் உண்மைதான். அதன் பிறகும் ஸ்டெல்லா வந்தாள், ஆனால் இங்கிலீஷ் படித்துச் சொல்ல மட்டும். புதிதாக ஓர் ஆளை எழுதிக்கொள்ளச் சொன்னால், "எனக்கு வேற ஆள் வாணாம்" என்பாள். நாங்கள் விளையாடும்போது அவள் தூணில் சாய்ந்து தொட்டி ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அது பொறுக்கவே இல்லை, நெருப்பு வாளை வீசுவதில் பாதி ருசி போய்விட்டது.

லீவு முடியும் சமயத்தில் வேறொரு பேலிலிருந்து இன்னொரு புத்தகம் வந்தது. அதே விளையாட்டு, ஆனால் பிந்திய பதிப்பு, வழவழ காகிதம். ஸ்டெல்லா படிக்கப் படிக்க எங்களுக்குத் தலை சுற்றியது. பழையதில் கவசத்துக்குச் சின்ன எண் நல்லது, வகுப்பு ரேங்க் மாதிரி. புதியதில் பெரிய எண் நல்லது, மார்க் மாதிரி. மந்திரக்காரிக்குச் சின்னச் சின்ன மந்திரங்கள் இப்போது தீர்வதே இல்லை. ஒரு பக்கத்தில் ஸ்டெல்லாவின் குரல் நின்றுபோனது. பூஜ்யமானால் சாவில்லை, மயக்கம்தான். பக்கத்தில் நிற்பவர் தன் முறையைக் கொடுத்துக் கட்டுப் போட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்று போட்டிருந்தது.

"அப்ப மரகதவல்லி சாவல" என்றாள்.

"அது புது ரூலு. இன்னிலேர்ந்துதான் செல்லும்" என்றான் முருகன்.

தொழிலாளி வீட்டுப் பெண்ணிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? ஸ்டெல்லாவின் அப்பா வேலை பார்த்த வார்ப்படக் கம்பெனியில் அப்போதுதான் சம்பள ஒப்பந்தம், அதாவது "செட்டில்மென்ட்", கையெழுத்தாகி, அந்தச் சந்தோஷத்தில் அவர்கள் வீட்டுக்கு மிக்ஸி வந்திருந்தது. "எங்கப்பா கம்பெனில கையெழுத்து இப்பதான் போட்டாங்கோ. ஆனா போன வருசத்துலேர்ந்து கணக்குப் போட்டு அரியர்ஸ் குட்தாங்கோ இல்ல? ரூல் எப்ப வந்துச்சின்றது பேச்சில்ல முருகா, எப்பலேர்ந்து செல்லும்ன்றதுதான் பேச்சு!" என்று அவள் கையை நீட்டிக் கேட்டபோது கபீர் கை தட்டினான். முருகன் புத்தகத்தை இடுக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்.

மறுநாள் ஒரு தெளிவோடு வந்தான். நைட் ஷிப்ட் முடித்து நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பாவிடம் வழக்கைச் சொல்லியிருக்கிறான். "எங்க நைனா சொல்ச்சி, அரியர்ஸ் குடுக்கறவன் சும்மா குடுக்க மாட்டான், முன்னாடி வாங்கினத கழிச்சிக்கினுதான் குடுப்பானாம்" என்று ஆரம்பித்தான். மரகதவல்லிக்குக் கட்டுப் போட வேண்டுமென்றால் அன்றைக்குச் சுமி பூதத்தை வெட்டியிருக்க முடியாது. வெட்டாவிட்டால் பூதம் உயிரோடு இருக்கிறது. பூதம் இருந்தால் வாள் இல்லை, படகு இல்லை, அதற்குப் பிறகு லீவு முழுக்க ஜெயித்தது எதுவுமே இல்லை. "அந்த எடத்துலேர்ந்து மறுபடி ஆடணும். அப்பவும் அவ பொழைப்பான்னு நிச்சயமில்ல. சம்மதமா?"

சுமி என்பது நான்தான். அந்த வாள் எனக்கு என்னவாக இருந்தது என்று இன்றைக்குச் சொன்னால் சிரிப்பீர்கள்; படுக்கும்போது தலைமாட்டில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டு தூங்குவேன். கபீர், "என் படகு போனா போவுது, வுடு" என்று உடனே சொல்லிவிட்டான். மூவரும் என்னைப் பார்க்கவில்லை என்று காட்டிக்கொள்வதற்காக ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். ஸ்டெல்லா வாயைத் திறந்து கேட்டிருந்தாலாவது சண்டை போட்டிருப்பேன். அவள் கேட்கவில்லை.

"வெட்டல. கட்டுப் போட்றேன்" என்றேன். மூடியை எடுத்தேன். கட்டு நின்றது. கோபத்தில் பூதம் என்னை அடித்தது, நான் விழுந்தேன். கபீரின் திருடன், திருடனுக்கு அழகாக, கூரைமேல் ஏறிக்கொண்டான். அந்த நேரம் பார்த்து லோக்கல் ஹாரன் அடித்தது; பந்தமும் போயிற்று. "இருட்டு. பூதம் மட்டும் நிக்குது" என்றான் முருகன். ஸ்டெல்லா எழுந்தே நின்றுவிட்டாள். "மரகதவல்லி கண்ணத் தொறக்கறா. சின்ன நெருப்பு. தீராத நெருப்பு!" ஒவ்வொரு மூடியாக எடுத்தாள், தவறினாலும் மறுபடி நெருப்பை எறிந்தாள், அந்த வெளிச்சத்திலேயே பூதத்தின் கண்ணைக் குறி பார்த்தாள். அது சாய்ந்தபோது நாங்கள் போட்ட கூச்சலில் தூக்கம் கலைந்து எழுந்து வந்த நைட் ஷிப்ட்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து எங்களைத் திட்டினார்கள். முருகன் சட்டத்தை விடுவானா? புதையலையும் புதுப் புத்தகப்படியே எடுக்க வைத்தான். எனக்கு வாளுக்குப் பதில் ஒரு வெள்ளிக் கரண்டி வந்தது.

அந்த ஆலை இப்போது இல்லை, லைன் வீடுகள் இருந்த இடத்தில் நீலத் தகரம் போட்ட கிடங்கு நிற்கிறது, தொட்டியையும் இடித்துவிட்டார்கள். அந்தப் பக்கம் போனால் டீசல் வாசனைதான் வருகிறது, ஒரு விருந்தாளியும் மூக்கைப் பொத்த வேண்டியதில்லை. போன மாதம் பொன்னேரியில் என் வீட்டுக்குக் கபீர் அனுப்பிய ஒரு புத்தகம் கூரியரில் வந்தது, அதே விளையாட்டின் ஆகப் புதிய பதிப்பு, அட்டையோடு. பெயரை முதல்முறை முழுதாகப் படித்தேன். ஆனாலும் வாயில் பேய் புக்குதான் வருகிறது. ஒரகடத்திலிருந்து முருகனும், பெரியபாளையத்தில் டீச்சராக இருக்கும் ஸ்டெல்லாவும் வந்தார்கள். வளைகுடாவிலிருந்து கபீர் போனில் உட்கார்ந்தான். சட்டங்கள் மறுபடி மாறியிருந்தன. முருகன் பக்கத்துக்குப் பக்கம் பெருமூச்சு விட்டான். வெளியே ரயில் ஹாரன் அடித்தது, எல்லோரும் ஒரே குரலில் "பந்தம் போச்சி" என்றோம். என் மகள் எழுந்து போய் விளக்கு எரிகிறதா என்று பார்த்துவிட்டு வந்தாள்.

முருகன் ஆளுக்கொரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "எல்லாரும் புதுசா ஆள் எழுதுங்க" என்றான். நானும் பேனாவைத் திறந்துவிட்டேன். ஸ்டெல்லா தன் தாளை அவனிடமே திருப்பி நீட்டினாள்.

"எனக்கு இன்னாத்துக்குப் புது ஆளு? மரகதவல்லி உசுரோடதான கீறா?"