என் கையால் ஒரு கொடுவா

கையுறை என்று நான் சொல்வது என் கணவரின் பழைய காலுறையைத்தான். விரல் பக்கத்தை வெட்டி எறிந்து, குதிக்கால் பக்கத்தில் பெருவிரலுக்கு ஓர் ஓட்டை போட்டு, ஓரம் பிரியாமல் மெஷினில் ஒரு சுற்றுத் தைத்தால் முடிந்தது. அதைப் போட்டுக்கொண்டு நான் துறையடியில் நின்ற முதல் நாள் சிரிக்காத ஆள் இல்லை. சிரிக்கட்டும். எங்கள் வாவியில் மார்கழி மாதம் தூண்டில் போடுகிறவர்களுக்குக் குளிரவே இல்லை என்று பொய் சொல்லும் பழக்கம் இருக்கிறது. சாரத்தைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பல்லுக் கிடுகிடுக்க, “இதெல்லாம் ஒரு குளிரா” என்பார்கள். எனக்கு அந்த வீரம் தேவையில்லை. எனக்கு மீன் தேவை.

செட்டிபாளையத்தில் முப்பது வருடமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வலது கை விரல்கள் காலையில் மடங்க மறுத்தன. பிறகு மாலையிலும் மறுத்தன. வாதம் என்றார் டொக்டர். குளிரில் நிற்கக்கூடாது, ஈரத்தில் கை வைக்கக்கூடாது என்றார். அவர் அதை ஒரு தடவைதான் சொன்னார். லொறி ஓட்டி ஓய்ந்து வீட்டில் இருக்கும் என் கணவர் அதை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொன்னார்.

தூண்டில் எனக்குப் புதிதல்ல. கைத்தூண்டிலில் தொடங்கியவள் நான். கனடாவில் இருக்கும் தம்பி நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு பெட்டி அனுப்பினான். அதற்குள் கார்பன் தடி, ரீல், பாஸ் மீனுக்கும் மஸ்கி என்ற பெரிய பல்லு மீனுக்கும் போடுகிற பொம்மை மீன்கள் எல்லாம் இருந்தன. ஒரு பொம்மை என் முழங்கை நீளம். அதைப் பார்த்துவிட்டு, “இதைக் கறி வைக்கலாமா?” என்று கேட்டார் என் கணவர். கையைச் சூடாக்கும் பைக்கற்றுகளும் வைத்திருந்தான். கப்பலில் மூன்று மாதம் கிடந்து அவை கல்லாகி வந்து சேர்ந்தன. அவற்றை மெஷின் அறையின் கதவுக்கு முட்டுக் கொடுக்க வைத்திருக்கிறேன்.

போன மாரி மழைக்காலத்தில் என் தடியில் ஒரு பெரிய கொடுவா பட்டது. தண்ணீருக்கு மேலே பாய்ந்து தலையை உதறியபோதுதான் அதன் அளவு தெரிந்தது. அடுத்த நிமிடம் தடி என் கையில் இல்லை. ஏறாவூரிலிருந்து மோட்டார்சைக்கிளில் துணிக் கட்டுகளோடு வந்து எங்களைப் போன்ற தையல்காரிகளுக்குத் துணி போடுகிற வியாபாரி ஒருவர் இருக்கிறார். வியாபாரம் முடிந்ததும் துறையடியில் தூண்டில் போடுவார். அவர்தான் பாய்ந்து வந்தார்.

“குடுங்க அக்கா, உங்களுக்குக் கை ஏலாதே” என்று சொல்லிக்கொண்டே தடியை வாங்கிவிட்டார்.

மீனைக் கரையேற்றி, கொழுக்கியைக் கழற்றி, கழுவி என் வாளியில் போட்டார். ஒரு துண்டுகூட வேண்டாம் என்றார். ஊர் முழுக்க அது அவர் பிடித்த மீன் ஆயிற்று. வீட்டில் அந்தக் கறியை நான் தொடவில்லை. அவர் கெட்ட மனிதர் என்றால் இரண்டு வார்த்தை ஏசி மனதை ஆற்றியிருப்பேன். நல்ல மனிதர். அதுதான் கரைச்சல். நல்ல மனிதர்கள் என் கையிலிருந்து சாமான்களை வாங்கிக்கொண்டே இருந்தார்கள். கடையில் பை, கோயிலில் பாட்டுப் புத்தகம், வீட்டில் கத்தரிக்கோல். ஒவ்வொன்றையும் புன்னகையோடு வாங்கினார்கள். என் கைக்கு இனி என்ன மிச்சம் என்று எவரும் கேட்கவில்லை.

இந்த மாரி தொடங்கியதும் என் கணவர் தடியைப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.

“ஒரு கொடுவாவ ஆரும் தொடாம நானே கரையேத்துவன்” என்றேன்.

“ஏத்தாட்டி?”

“ஏத்தாட்டி நானே கொண்டுபோய் அவருக்குக் குடுக்கிறன்.”

வாயை விட்டுவிட்டேன். கோபத்தில் சொன்னதுதான், ஆனால் சொன்னது சொன்னதுதானே. இந்த மாரி முழுவதும் எனக்கு அது ஒன்றே யோசனை. ஒரு கொடுவா, என் கையால். இல்லையென்றால் தடியும் போகும், என் கையும் ஏலாத கை என்று முடிவாகிவிடும்.

இந்த வருடம் குளிரும் சும்மா வரவில்லை. கடலில் ஒரு சூறாவளி விலகிப்போன பிறகு வந்த காற்றில் கரடியனாறுப் பக்கம் மாடுகள் விறைத்துச் செத்ததாகச் சொன்னார்கள். துறையடியில் ஒரு கிழமையாக ஒருவருக்கும் கொடுவா படவில்லை. வீச்சுவலைக்காரரும் வெறும் பறிக்கூடையோடு போனார்கள். மீன் கடலுக்குப் போய்விட்டது என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள்.

தம்பி தொலைபேசியில் சிரித்தான். “அக்கா, அது குளிரா? இஞ்ச நான் தடியில பிடிக்கிற ஐஸைத் தட்டித் தட்டி எறியிறன்.”

“உன்ட ஐஸை நீயே வச்சிக்க. மீன் எங்க போச்சு? அதைச் சொல்லு.”

பிறகுதான் ஒழுங்காகப் பேசினான். கொடுவாவும் ஒருவகைப் பாஸ்தான் என்றான். தண்ணீர் குளிர்ந்தால் அது எங்கும் போகாது, சோம்பிப்போய் ஆழத்தில் படுத்துக்கொள்ளும். இரையைத் துரத்தாது. வாய்க்குக் கிட்டக் கொண்டுபோய் வைத்தால் மட்டும் திறக்கும். ஆகவே ஆழமான இடத்தில் போடு, நீ நினைப்பதைவிட மெதுவாக இழு, பிறகு அதைவிடவும் மெதுவாக இழு. விடியற்காலையை விட்டுவிடு, வெயில் தண்ணீரில் கொஞ்சமாவது இறங்கிய பிறகு போ. கடைசியாக மஸ்கிக்காரரின் ஒரு தந்திரத்தையும் சொன்னான். பொம்மை காலடிக்கு வந்ததும் தூக்காதே. தடி நுனியைத் தண்ணீருக்குள் விட்டு எட்டு என்ற இலக்கத்தை எழுது. பின்னாலேயே வந்து யோசித்துக்கொண்டு நிற்கும் மீன் அந்த வளைவில்தான் மனம் மாறும்.

எங்கள் ஆட்களுக்கு விடியற்காலை என்பது வேதம். நாலரைக்கு வந்து, எட்டு மணிக்குப் போய்விடுவார்கள். நான் பதினொன்றரைக்குப் போகத் தொடங்கினேன். ஆழமான இடமும் எனக்குத் தெரியும். மழையில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும்போது கடலை மறித்து நிற்கும் மணலை வெட்டி நீரை விடுவார்கள். ஆற்றுவாய் வெட்டுவது என்போம். இந்த மாரியிலும் வெட்டினார்கள். தண்ணீர் இறங்கியதும் துறையின் தெற்குப் பக்கத்தில், முன்பு படகுக்காகத் தோண்டிய பள்ளம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. நான் கொடுவாவாக இருந்தால் அங்கேதான் படுப்பேன்.

தடியின் பிடியில் சைக்கிள் டியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கினேன். முழுதாக மடங்காத விரல்களுக்குத் தடித்த பிடிதான் வசதி. ரீலின் கைப்பிடியை இடப்பக்கம் மாற்றினேன். தங்கூசி என்கிற நைலோன் நூலின் நுனியில் ஒரு முழத்துக்குத் தடித்த நூல் முடிந்தேன், இல்லாவிட்டால் கொடுவாவின் செவுள் மூடி சவர அலகுபோல அறுத்துவிடும். சீருடைத் துணியில் இரண்டு சின்னப் பை தைத்து, வறுத்த உப்பை நிரப்பி, சூட்டோடு சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். ஒரு வீச்சு வீசுவேன், ஒரு தடவை உப்பைப் பிடிப்பேன். கனடாப் பைக்கற்றைவிட என் உப்பு நன்றாகவே வேலை செய்தது.

இப்படி ஐந்து நாள். ஐந்து நாளும் ஒன்றும் படவில்லை. துணி போட வந்து துறையடிக்கும் வந்த வியாபாரி நான் தண்ணீரில் எட்டு எழுதுவதைப் பார்த்துவிட்டு, “அக்கா மோட்டச்சைக்கிள் லைசென்ஸுக்குப் பழகிறாவு போல” என்றார். வேடிக்கை பார்க்கவென்றே வீட்டுக்குப் போகாமல் நின்ற இரண்டு பேர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். எட்டை இன்னும் பெரிதாக எழுதினேன்.

ஆறாம் நாள் மழை விட்டு மங்கலாக வெயில் அடித்தது. வியாபாரியும் அந்த இரண்டு பேரும் துறையில் நின்றார்கள். பள்ளத்தின் அடியில் பொம்மையைப் படுக்க விட்டு, மெதுவாக இழுத்து, காலடிக்குக் கொண்டுவந்து எட்டின் முதல் வளைவைத் திருப்பினேன். இரண்டாம் வளைவில் தண்ணீருக்குள் ஒரு வெள்ளி வயிறு புரண்டது. தடி வளைந்து சீமெந்து விளிம்பில் முட்டியது.

மீன் ஒருமுறை பாய்ந்தது. போன வருடத்து மீனைவிடப் பெரிது. என் விரல்கள் அந்த இடத்திலேயே பூட்டிக்கொண்டன. பின்னால் செருப்புச் சத்தம் ஓடி வந்தது.

“குடுங்க அக்கா, குடுங்க!”

“தொட்டீங்களெண்டா தண்ணிக்க தள்ளுவன்!”

நான் அப்படிக் கத்துவேன் என்று எனக்கே தெரியாது. அவர் நீட்டிய கை நீட்டியபடி நின்றது. தடியின் அடியைக் கக்கத்துக்குள் இடுக்கினேன். வலது கையின் விரல்களை விட்டுவிட்டு உள்ளங்கையால் தடியை நெஞ்சோடு அணைத்தேன். இடது கை சுற்றியது. மீன் பள்ளத்துக்குள் இறங்கியது, நான் விட்டேன். ஏறியது, சுற்றினேன். கால் தளர்ந்தபோது ஈரச் சீமெந்தில் அப்படியே குந்தினேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. வலியில் கண்ணீர் வந்தது, துடைக்கக் கை இல்லை. அவ்வளவு சந்தோஷமாக நான் பல வருடம் இருந்ததில்லை.

கடைசியில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து விளிம்புக்குக் கீழே வந்தது. வியாபாரி தன் அத்தாங்கு வலையைக் கையில் வைத்துக்கொண்டு தவித்தார்.

“அக்கா, அத்தாங்கையாவது போடட்டா? தடியத் தொட மாட்டன்.”

“வேணாம்.”

குப்புறப் படுத்தேன். இடது கையில் தடி, வலது கை தண்ணீருக்குள். குளிர் எலும்புவரை ஏறியது. கீழ்த்தாடையைப் பிடித்தேன். பிடித்தேன் என்பது சரியல்ல, பெருவிரலை உள்ளே விட்டேன், மற்ற விரல்கள் மூடவேண்டும், மூடவில்லை. மீன் ஒருமுறை தலையை உதறியது. கொழுக்கி கழன்று என் சட்டைக்கையில் மாட்டியது. பள்ளத்தின் கறுப்புக்குள் அது அவசரமில்லாமல் போனதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன்.

நான் எழும்பி உட்கார்ந்த பிறகு வியாபாரி மெதுவாகச் சொன்னார். “தந்திருந்தா கரையேறியிருக்கும் அக்கா.”

“ஓம். உங்கட மீனா ஏறியிருக்கும்.”

அவர் தலையைக் குனிந்து என் சட்டைக்கையிலிருந்த கொழுக்கியைப் பார்த்தார், ஆனால் கழற்ற வரவில்லை. நானே கழற்றினேன். அதற்கு நெடுநேரம் எடுத்தது. மூன்று பேரும் நின்று பார்த்தார்கள்.

வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன். மீனுக்காக மட்டும் இல்லை, கொடுத்த சொல்லுக்காகவும். என் கணவர் வாசல் படலையிலேயே நின்றார். செய்தி எனக்கு முன்னால் வந்துவிட்டது. ஈரச் சட்டையையும், மீன் வாய் உராய்ந்த பெருவிரலையும் பார்த்தார். ஏசவில்லை. குசினி அடுப்பில் சுடுதண்ணீர் வைத்திருந்தார். கையைத் துடைத்துவிட்டு, கனிவாகத்தான் கேட்டார்.

“அப்ப நான் தடியக் கொண்டுபோய்ப் பக்கத்து வீட்டுக்காரருக்குக் குடுக்கட்டா?”

சுவரில் சாய்த்திருந்த தடியை எடுக்கக் கையை நீட்டினார். அவருக்கு முன் நான் எடுத்துவிட்டேன். ஆம், சொல் கொடுத்தேன். அந்தச் சொல்லை மீறினேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அப்படி ஒரு சொல்லை என்னிடம் கேட்டிருக்கவே கூடாது, நானும் கொடுத்திருக்கக் கூடாது.

“துறையில நிக்கிற ஆம்பிளையளுக்கு மீன் தவறுறதில்லையா?” என்று கேட்டேன்.

“தவறும்தான்.”

“அதுக்காக ஆர் தடியக் குடுத்திருக்கான்? ஒருத்தன்ட பேரச் சொல்லுங்க, நானும் குடுக்கிறன்.”

அவர் உண்மையாகவே யோசித்துப் பார்த்தார். பிறகு நீட்டிய கையை மடக்கிக்கொண்டு குசினிக்குள் போனார். அடுத்த நாள் பதினொன்றரைக்கு நான் துறையில் நின்றேன்.