பொட்டுக்கு அடியில் இருந்த எண்

என் பழைய காரின் பதிவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. எஞ்சினில் பொறித்திருக்கும் எண்ணின் மேல் காகிதத்தை வைத்துப் பென்சிலால் தேய்த்து, அந்த அச்சை ஆர்.டி.ஓ. ஆபீசில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் வண்டி ரோட்டில் ஏறக்கூடாது. "பேசாம பழைய இரும்புக்குப் போட்டுருங்கப்பா" என்றான் மகன், சிங்கப்பூரிலிருந்து. அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். நானும் மனைவியும் பிள்ளையார்பட்டிக்குப் போய்வந்த வண்டி. இப்போது வீட்டில் நானும் அதுவும்தான்.

திருப்பத்தூரிலிருந்து மெக்கானிக்கை வரவழைத்தேன். வீட்டில் இன்னொரு குரல் கேட்டு வெகுநாளாகிவிட்டதால், மனிதருக்குப் போதும் போதும் என்னும்வரை காப்பி கொடுத்தேன். அவர் பானெட்டைத் திறந்து டார்ச் அடித்தார்.

"என்னய்யா, நம்பரெல்லாம் தேஞ்சு கெடக்கு? உப்புத்தாள் போட்டுத் தேச்சீகளா?"

"நான் எங்க தேச்சேன். எல்லாம் எங்க வீட்டம்மா வேல."

ஆயுத பூசைக்கு ஆயுத பூசை அவள் புளியும் தேங்காய் நாருமாக வந்து நிற்பாள். எஞ்சினில் சமதளமாக இருந்தது அந்த ஓர் இடம்தான். எண்ணும் அங்கேதான் இருந்தது. அதைக் குத்துவிளக்கு போலத் தேய்த்து, விபூதி பூசி, ஓரத்தில் பெரிதாக ஒரு குங்குமப் பொட்டு வைப்பாள். "அது அண்டா இல்லடி, எஞ்சின்" என்று கத்துவேன். "வேற எங்குட்டு வைக்கச் சொல்றீக? மத்த எடமெல்லாம் குழாயும் கம்பியுமால்ல கெடக்கு" என்பாள். அவளிடம் வாய் கொடுத்து நான் ஜெயித்ததே கிடையாது. போன ஆயுத பூசைக்கு அவள் இல்லை. நான் பானெட்டைத் திறக்கவே இல்லை.

மெக்கானிக் சாக்பீஸைத் தேய்த்தார். எண்கள் மங்கலாக எழுந்தன. நான் மூன்று என்றதை அவர் எட்டு என்றார். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தபோது எட்டுதான். கடைசி இரண்டு எண்கள் மட்டும் தெரியவில்லை. அவற்றின் மேல் அவள் வைத்த பொட்டு காய்ந்து அப்பியிருந்தது.

"இதத் தொடச்சாத்தான்யா தெரியும். தொடைக்கட்டுமா?"

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அவர் என்ன செய்வார், பாவம். அவள் சேலைகளைக் கொடுத்தாயிற்று. கண்ணாடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டையும் வேலைக்காரப் பெண் சுரண்டிப் போட்டுவிட்டாள். அவள் விரல் பட்டது பட்டபடி மிஞ்சியிருந்தது இது ஒன்றுதான். தொடாமல் விட்டால் வண்டி இரும்புக்குப் போகும். பொட்டும் கூடவே போகும்.

"கொண்டாங்க" என்று துணியை வாங்கி நானே துடைத்தேன்.

"அட, இதுக்குச் சாக்பீசே வேணாம்யா" என்றார் மெக்கானிக்.

மேலே இருந்தது போய்விட்டது. எண்களின் பள்ளத்தில் குங்குமம் இறங்கி உறைந்திருந்தது. நாலு, ஏழு. இரண்டும் சிவப்பாகத் தெரிந்தன.

அச்சை எடுத்துக் கொடுத்துவிட்டு அவர் கிளம்பினார். இன்னொரு காப்பி குடிக்கலாமே என்றேன், நேரமாகிவிட்டது என்றார். நான் பானெட்டுக்கு முன்னால் திரும்பி வந்து நின்றேன். "நீ வச்ச எடந்தான்டி சரி" என்று வாய்விட்டுச் சொன்னேன். அவளிடம் தோற்றதை நான் ஒத்துக்கொண்டது அதுதான் முதல்முறை. கேட்க அவள் இல்லை.